காற்றாடியில் வண்டி மை

என் மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பொங்கல் முடிந்து நீ பட்டணத்துக்குக் கிளம்பிப் போன காலையில் நான் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் நீ கம்பத்தோடு பிடுங்கி வாசலில் எறிந்த காற்றாடி, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் நட்டுக்கொண்டு நின்றது. நான் எழுந்திருப்பதற்குள் நசுங்கிய கிண்ணத்தைத் தட்டி நிமிர்த்தி, நட்டு முடுக்கி, ஏற்றி வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். வேலை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன், யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உனக்குப் பேசியிருக்கிற தேவகி கையிலும் ஒரு நகல் இருக்கும். உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது கடைசியில் வருகிறது. கதைப் புத்தகம் எடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள் நீ, இதையாவது முதலிலிருந்து படி.

அந்தக் காற்றாடியை நான் செய்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வீட்டில் மழைமானி வைத்தேன், வெயிலளவு பார்க்க வெள்ளைப் பெட்டி வைத்தேன். காற்றை அளக்கிற கருவி விலைக்கு வாங்க நமக்கு வசதி ஏது? பழைய சைக்கிளின் முன்சக்கர நடுக்குடமான ஹப்பை எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, மூன்று கம்பி வைத்து, கம்பி முனையில் அலுமினியக் கிண்ணம் பொருத்தினேன். ஓடாத சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பல்சக்கரம். கிண்ணம் பல சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரு சுற்று வரும், அது பிரேக் வயரை இழுக்கும், சமையலறைச் சுவரில் மாட்டிய சைக்கிள் பெல் ஒரு தடவை அடிக்கும். மணி நெருக்கமாக அடித்தால் காற்று பலம், தள்ளித் தள்ளி அடித்தால் காற்று இறங்கிவிட்டது. சோறு வடித்துக்கொண்டே காற்றை அளந்த பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். களத்தில் நெல் தூற்றுகிறவர்கள் நம் வீட்டு மணிக்குக் காது கொடுப்பார்கள். மணி நின்றுபோனால், "இன்னா டீச்சரம்மா, காத்துக்கு இன்னைக்கி லீவு வுட்டுட்டீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிண்டல் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அதைப் பராமரிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கீழே இறக்குவேன். கிண்ணத்தில் குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும், அதைச் சுரண்டுவேன். ஹப்பைத் திறந்து, உள்ளே இருக்கிற பால்ஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் போட்டு அலசி, துணியில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் சொட்டுப் போட்டு மறுபடியும் அடுக்குவேன். பிறகு கோன். ஹப்பின் இரண்டு பக்கமும் குண்டுகளை அணைத்துப் பிடிக்கிற மூடி அது. அதைப் பிடிக்கிற வரைக்கும் முடுக்கிவிட்டு, கொஞ்சம் பின்னால் தளர்த்த வேண்டும். தளர்த்துகிற அந்த இடம் கைக்குத்தான் தெரியும். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரே சோதனைதான், கிண்ணத்துக்கு நேராக வாயால் ஊதினால் அது சுற்ற வேண்டும். சின்ன வயசில் ஊதுகிற வேலை உன்னுடையது. எச்சில் தெறிக்க ஊதுவாய்.

இப்போது உன் அப்பா. அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள், பொய்யும் இல்லை. ஏர் மாட்டின் மேல் தார்க்குச்சி வைத்து நான் பார்த்ததே கிடையாது. மாடு படுத்துக்கொண்டால் அதன் காதில் ஏதோ பேசுவார், அது எழுந்துவிடும். என்னிடம் மட்டும் பேச்சு வராது, கைதான் வரும். கல்யாணமான வருஷமே வந்துவிட்டது. உலைமூடி பறக்கும், சொம்பு பறக்கும், ஒருநாள் எரிகிற கொள்ளிக்கட்டை பறந்தது. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் சேந்தி வைத்திருப்பார், உடைந்த சாமானை ஒட்டி வைத்திருப்பார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒட்டின சாமானையே மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்வேன், எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்த கார்த்திகை. முன்னாலேயே நட்ட நெல்லை அறுத்துக் களத்தில் போட்டிருந்தோம். அன்று மத்தியானத்திலிருந்து வாடைக்காற்று விட்டு விட்டு முறுக்கியது, மணி தூங்கும், திடீரென்று வெறிபிடித்தது மாதிரி அடிக்கும். எனக்குச் சரியாகப் படவில்லை. களத்துக்குப் போய், "நெல்ல இன்னைக்கே வூட்ல சேத்துடுங்க, பெருங்காத்து வரும்போல கீது" என்றேன். உன் அப்பா நாளைக்குத் தூற்றலாம் என்று ஆட்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆட்களில் ஒருத்தர் விளையாட்டாக, "டீச்சரம்மா சொன்னா வானமே கேக்கும், நாம கேக்கமாட்டமா?" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு இருக்கிறது என்று. நெல்லை மூட்டை கட்டி உள்ளே சேர்த்தார்கள். ஆட்கள் வேலி தாண்டிப் போகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாடி, ஆளுங்க எதுர்ல எனக்கு புத்தி சொல்றியா?" என்றார். "புத்தி இல்ல, காத்து சொல்லிச்சி, நான் சொன்னேன்" என்றேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். "காத்து சொல்லிச்சா? இரு, அதுக்கும் ஒரு வயி பண்றேன்" என்று ஏணியை இழுத்துப் போட்டு, அப்போதிருந்த ஓட்டுக் கூரை மேல் ஏறினார். கம்பத்தைப் பிடுங்கி மேலேயிருந்தே வாசல் கல்லில் வீசி அடித்தார். கிண்ணம் மூன்றும் மூன்று திசையில் உருண்டன. நான் ஹப்பைப் பொறுக்கக் குனிந்தேன். அவர் இறங்கி வந்து கம்பியால் போட்டார். என் வலது புருவத்தில் இருக்கிற தழும்பு அதுதான். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடமும் பள்ளிக்கூடத்திலும் சொன்னதெல்லாம் புளுகு. ரத்தம் கண்ணில் இறங்கி, கொஞ்ச நேரம் எனக்கு ஒரு பக்கம் தெரியவே இல்லை.

மறுநாள் வழக்கம்போல அவர் ஒட்டுகிற நாள். நசுங்கிய கிண்ணம் உதவாது என்று, நம் வீட்டுக் குழிக்கரண்டி மூன்றையும் எடுத்துக் கைப்பிடியை அறுத்துவிட்டார். அன்று குழம்பைச் சொம்பால் ஊற்றினேன். வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க அதே வேலை, நாக்கைக் கடித்துக்கொண்டு. இடையில் மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு கொட்டாங்குச்சியில் எதையோ எடுத்துக்கொண்டு வந்தார், என்ன என்று நான் கவனிக்கவில்லை. ஏற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாரு, இனிமே யானை வந்து குந்தினாலும் அசையாது." புருவத்தில் துணிக்கட்டோடு நின்று நான் சிரித்தேன், மனசு குளிர்ந்து சிரித்தேன். கரண்டி மூன்றும் வெயிலில் பளபளவென்று இருந்தன. ஊதிப் பார்க்கவில்லை. ஊதிப் பார்த்தால் அவர் மனசு நோகுமே என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் புயல் வந்தது. மத்தியானமே இருட்டிவிட்டது. புளியமரம் வேரோடு சாய்கிற சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும், தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. கூரை ஓடுகள் வரிசை வரிசையாகப் பிய்த்துக்கொண்டு போயின, பக்கத்துக் கொல்லையில் விழுந்து வெடித்தன. யாரோ வீட்டைச் சுற்றி ஓடி ஓடி உதைக்கிற மாதிரி இருந்தது. முன் கதவுக்கு உலக்கையை முட்டுக்கொடுத்து, நானும் உன் அப்பாவும் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றோம். மழைச் சத்தத்தில் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று காதுக்குத் தெரியாது. மணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் விடாமல் அடித்த மணி, போகப் போகத் தள்ளித் தள்ளி அடித்தது. பிறகு நின்றே விட்டது. முன் கதவை அவரிடம் விட்டுவிட்டுப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். அது வீட்டின் மறைவுப் பக்கம், அங்கே துணி கூட ஆடாது. கொட்டகையில் கன்றுக்குட்டி கத்தியது. நீ அழுதாய், "அம்மா, கன்னுக்குட்டி நனையுதும்மா" என்று. நான் சொன்னேன், "காத்து வுட்டுடுச்சி. ஓடிப்போய் அவுத்துக்கினு வா." நான்தான் சொன்னேன். நீ மறைவைத் தாண்டி நாலு அடி வைத்திருப்பாய். காற்று உன்னைத் தூக்கிக் கொட்டகைத் தூணில் அடித்தது, தூண் முறிந்து பனை விட்டம் உன் கை மேல் இறங்கியது. கன்று செத்துவிட்டது. உன் அப்பா தவழ்ந்து போய் விட்டத்தைத் தோளால் நெம்பி உன்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வழி திறக்கிற வரைக்கும் மூங்கில் பட்டை வைத்துக் கட்டி உன்னைப் பாயில் கிடத்தியிருந்தோம். அதனால்தான் உன் இடது முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது. அதைப் புயல் கொடுத்த அடி என்று இத்தனை நாளாக நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். காற்று ஓய்ந்ததும் நான் ஏணி போட்டு ஏறினேன். கம்பம் நேராக, யானைக்கும் அசையாமல் நின்றது. கிண்ணத்தைக் கையால் தள்ளினேன், நகரவில்லை. கீழே கொண்டுவந்து திறந்தேன். உள்ளே வண்டி மை. மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மை, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்தது. சோளக்களி மாதிரி அப்பி வைத்திருந்தார். சொட்டு எண்ணெயில் ஓடுகிற குண்டுக்கு வண்டிச் சக்கரத்து வைத்தியம். அது போதாதென்று கோனை உயிர் போகிற வரைக்கும் இறுக்கியிருந்தார். மழைத் தண்ணீர் இறங்கிக் கரி ஊறி இறுகி, அத்தனை பெரிய காற்றிலும் பிடித்துக்கொண்டுவிட்டது.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு இத்தப் போட்ட?" என்று கேட்டேன். "கிறீச் கிறீச்னு கத்திக்கினு இருந்துதே. உறுதியா இருக்கட்டும்னுதான்" என்றார். என் கையில் ஸ்பானர் இருந்தது. அடித்தேன். முதல் அடி தோளில், காறை எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் கையைத் தூக்கவில்லை. மாடு மாதிரி நின்று வாங்கினார். முகத்தில் ஒன்று, காதோரம் ஒன்று, கீழே உட்கார்ந்த பிறகு முதுகில். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அப்போது உள்ளே பாயிலிருந்து உன் குரல் வந்தது. "இன்னும் அடிம்மா!"

உனக்கு அது ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. அன்றைக்கு அந்தக் குரல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் பிள்ளை என் பக்கம் என்று. அதற்குப் பிறகு உன் அப்பா சாகிற வரைக்கும் என் மேல் கை வைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தம் இல்லை, அவ்வளவுதான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்ச் சாப்பிடுவார். ஏணிக்குக் கிட்டேயே வரமாட்டார். கையால்தான் எதையும் முடிக்க முடியும் என்று எங்கள் இரண்டு பேரில் யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு பேருமாகத்தான் இருக்க வேண்டும்.

பொங்கலன்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தேவகி படிக்கப்போகிறாள், அவளுக்காக எழுதுகிறேன். "கல்யாணத்துக்கப்புறம் அவ பால்வாடி வேலைக்கிப் போவக்கூடாது, நீ சொல்லிடு" என்றாய். "அத்த நீயே அவகிட்ட கேளேன்" என்றேன். "நான் இன்னா கேக்கறது? நான் சொன்னா சொன்னதுதான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே உங்கப்பன்டா நீ" என்றேன். அவ்வளவுதான். படி ஏறிப் போய்க் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தாய். என் காலுக்குப் பக்கத்தில் இருந்த பொங்கல் பானை சுக்குநூறாகிவிட்டது. பக்கத்து வீட்டார் வந்து நின்றார்கள். நீ மேலேயிருந்து கத்தினாய், "உம்மேல பட்டுதா? படலைல்ல? அப்புறம் எதுக்கு அயுவுற?" நான் அழுதது அதற்காக இல்லை.

நீ போன பிறகு இந்தத் தடவை ஊதிப் பார்த்தேன். சுற்றவில்லை. திறந்தேன். நீ பேரிங் வேலை பார்க்கிறவன், உனக்குத் தெரியாதா? உன் தொழிற்சாலையின் மஞ்சள் கிரீஸ் வழிய வழிய அப்பியிருந்தது. கோன் அசைய மறுத்தது, ஸ்பானரைக் காலால் மிதித்துத்தான் தளர்த்தினேன். அந்த விடியலில் உன் கையில் எவ்வளவு கோபம் மிச்சமிருந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது. நீ வருத்தப்பட்டாய் என்பதை நம்புகிறேன். உன் அப்பாவும் வருத்தப்பட்டார்.

நீ இறுக்கியிருந்தபடியே ஹப்பை மறுபடியும் இறுக்கி, ஒரு கிண்ணத்தோடு பையில் போட்டுக்கொண்டு தேவகியின் ஊருக்கு, மாகறலுக்குப் போனேன். தேவகி பால்வாடியிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா நாற்காலி போட்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், புருவத்திலிருந்து பொங்கல் பானை வரைக்கும். கடைசியில் அவள் அப்பா, "ஆம்பளைன்னா கோவம் இருக்கும்ங்க. அதான் சரி பண்ணிட்டாரே" என்றார். "சரி பண்ணிட்டான். அதான் எனக்கு பயமா கீது" என்றேன்.

தேவகி ஹப்பை மடியில் வைத்து விரலால் திருப்பினாள். "இன்னாமா இது, சுத்தவே மாட்டேங்குது?" என்றாள். எப்படித் திறப்பது என்று கேட்டாள். காட்டினேன். கிரீஸையெல்லாம் தன் பழைய பாவாடைத் துணியால் வழித்து, அடுப்பங்கரையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து குண்டுகளை அலசினாள். கோனை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினாள். இருந்த ஒரு கிண்ணத்தை மாட்டி ஊதினாள், ஓடியது. அப்போதுதான் என்னிடம் கேட்டாள், "நீங்க ஏன் உங்க வூட்டுக்காரர வுட்டுட்டு வரல?" டீச்சராக இத்தனை காலம் எல்லாக் கேள்விக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்தவள், அங்கே சிந்தியிருந்த மண்ணெண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் வேலைய வுடமாட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கெயம அவர வரச் சொல்லுங்க. ரெண்டு தபா இத்த யாரு ஒடச்சாங்க, எதுக்கு ஒடச்சாங்கன்னு எங்க நைனா எதுர்ல அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் நான் யோசிக்கிறேன். வரலன்னா தாம்பூலத்த நானே எடுத்தாந்து உங்க வூட்ல வெச்சிட்டுப் போறேன்." அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு நைனா" என்றாள். ஹப்பை என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை. நம் மாடியில் வெறும் கம்பம்தான் நிற்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் தூக்கிப் போடுகிற மாதிரி காற்றடிக்கிறது, சமையலறையில் மணி ஊமையாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு வரமாட்டேன். எனக்கு நீ வேண்டும், நீ நன்றாக வாழ வேண்டும். ஆனாலும் அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், உன்னையும் சொல்ல விடமாட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். போகிற வழியில் புதுக் கிண்ணம் வாங்கத் தோன்றும், பையில் ஸ்பானர் எடுத்து வைக்கத் தோன்றும். எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே. அங்கே ரிப்பேர் எல்லாம் அவளே முடித்துவிட்டாள். நீ வெறுங்கையோடு போய், அவள் எதிரில் உட்கார்ந்து, வாயைத் திற.

அம்மா